சாக்கடை நீரில் ஃபேஜ் பிடிப்பது எப்படி

எந்த ஆன்டிபயாடிக்கிற்கும் மசியாத சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கு ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) தேட நான் முதலில் போவது சாக்கடைக்குத்தான். 50 மில்லி போதும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். பாக்டீரியா மேலே நின்றுவிடும், ஃபேஜ் கீழே இறங்கும்.

அப்புறம் அந்த வடிநீரை நோயாளியின் கிருமியோடு சேர்த்து, சுமார் 45 டிகிரியில் உருகி நிற்கும் மென் அகாரில் (பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லி) கலந்து தட்டில் ஊற்றுங்கள். இங்கே தயங்கக் கூடாது, ஆறினால் கட்டிதட்டும். என் முதல் தட்டு ரவா உப்புமா மாதிரி ஆனது.

37 டிகிரியில் ஓர் இரவு. காலையில் பாக்டீரியாப் படலத்தில் தெளிந்த வட்டங்கள் தெரிந்தால் சரி, ஆள் சிக்கிவிட்டார். கலங்கலான வட்டத்தைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுவில் குடியேறும் வகை. தெளிந்த ஒன்றை மட்டும் எடுத்து, மூன்று முறை தனியாக வளர்த்துச் சுத்தப்படுத்துங்கள்.

செத்த பாக்டீரியாவிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினை நீக்கி, ஃபேஜின் மரபணு வரிசையும் பார்க்கும்வரை இது மருந்தல்ல.