பார்படோஸுக்கு விசா வேண்டாம், போகிற வழிக்கு வேண்டும்

2024 ஜூன் 29 அன்று கரீபியன் தீவான பார்படோஸின் கென்சிங்டன் ஓவல் மைதானத்தில் தென் ஆப்பிரிக்காவை 7 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்தியா டி20 உலகக் கோப்பையைத் தூக்கியதிலிருந்து, "பார்படோஸுக்குப் போக என்ன செய்யணும்?" என்று கேட்பவர்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுவேன்: இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஊர் சுற்றிப் பார்க்கப் போனால் 90 நாள் வரை விசா தேவையில்லை.

என் நண்பர் ஒருவர் இந்த நல்ல சேதியோடு காதை மூடிக்கொண்டு டிக்கெட் போட்டுவிட்டார். அதிகாலை மூன்று மணி, சென்னை விமான நிலையம். கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டை ஒருமுறை புரட்டினார். கணினியில் ஏதோ தட்டினார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார்.

"சார், யு.கே. விசா எங்கே?"

"நான் லண்டன்ல தங்கலையே, பார்படோஸ் போறேன். அங்கே விசா வேண்டாம்."

"பார்படோஸுக்கு வேண்டாம் சார். லண்டனுக்கு வேணும்."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது, வழியனுப்ப வந்த மச்சானின் கார் இன்னும் பார்க்கிங்கை விட்டே கிளம்பவில்லையாம்.

அதனால் இந்த விளக்கத்தில் தீவைக் கடைசியில் வைத்துவிட்டு, வழியில் இருந்து தொடங்குகிறேன்.

படி 1: வழியைத் தேர்ந்தெடுங்கள், பணம் கட்டாதீர்கள்

இந்தியாவிலிருந்து பார்படோஸுக்கு நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். மாறும் ஊர் எதுவோ, அந்த நாட்டின் சட்டம்தான் உங்கள் தலையெழுத்து. டிக்கெட் தேடும் தளங்கள் விலையைக் காட்டும், விசாவைக் காட்டாது.

லண்டன் வழி: சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருப்பதால் நம்மூர்க்காரர்களின் கண் முதலில் இதில்தான் விழும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்காரர் ஹீத்ரோவில் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல், உள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறினாலும் விமான நிலைய டிரான்சிட் விசா வாங்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசாக்களில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் பெரும்பாலும் விலக்கு கிடைக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. பார்படோஸ் விமானங்கள் ஹீத்ரோவிலிருந்தும் கிளம்புகின்றன, கேட்விக்கிலிருந்தும் கிளம்புகின்றன. ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவதென்றால் நாட்டுக்குள் நுழைந்து, பஸ் பிடித்து, ஊரைச் சுற்றிப் போக வேண்டும். அதற்கு வேறு வகை விசா. என் நண்பர் மாட்டியது இங்கேதான். இரண்டு தனித்தனி டிக்கெட், இரண்டு விமான நிலையம், விசா ஒன்றுகூட இல்லை.

அமெரிக்க வழி: மயாமியிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் விமானங்கள் உண்டு. ஆனால் அமெரிக்காவில் 'உள்ளேயே இருந்து மாறுவது' என்ற ஏற்பாடே இல்லை. எல்லோரும் குடியேற்றத்தைக் கடந்துதான் அடுத்த விமானத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே பி1/பி2 (சுற்றுலா, வணிகப் பயண) விசா இருக்கிறதா, இந்த வழியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். இல்லையென்றால் பார்படோஸுக்காக மட்டும் அமெரிக்க விசா வரிசையில் நிற்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கனடா வழி: டொரான்டோவில் மாறலாம். இதற்கும் விசா வேண்டும். 48 மணி நேரத்துக்குள் கடந்துவிடுவதாக இருந்தால் டிரான்சிட் விசாவுக்குக் கட்டணம் இல்லை என்பது ஒரு ஆறுதல்.

ஆம்ஸ்டர்டாம் வழி: பெங்களூரிலிருந்து ஆம்ஸ்டர்டாம், அங்கிருந்து பார்படோஸ். இந்திய பாஸ்போர்ட்காரர் டிரான்சிட் பகுதியை விட்டு வெளியே வராதவரை நெதர்லாந்து விமான நிலைய டிரான்சிட் விசா கேட்பதில்லை. எந்த விசாவும் கையில் இல்லாதவருக்கு நான் சொல்வது இதுதான். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும், பெட்டி நேரே பார்படோஸ் வரை டேக் போடப்பட வேண்டும். பெட்டியை எடுக்க வெளியே வந்தால் ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) கேட்பார்கள். இந்த விமானம் பருவத்தைப் பொறுத்து மாறுவது, ஆகவே தேதியைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் லீவு கேளுங்கள். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஷெங்கன் நாடுகள் எதில் மாறினாலும் அவர்களுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா தேவை.

படி 2: கவுன்ட்டர்காரர் பார்ப்பதை நீங்கள் முன்னாலேயே பாருங்கள்

அந்தப் பெண் கணினியில் தட்டியது 'டிமாட்டிக்' என்ற தகவல் தொகுப்பு. உங்கள் பாஸ்போர்ட், போகும் நாடு, மாறும் நாடு எல்லாம் கொடுத்தால் என்ன ஆவணம் வேண்டும் என்று அது சொல்லும். ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு, அபராதமும் விழும். அதனால் கவுன்ட்டரில் கெஞ்சிப் பயனில்லை. டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்தை அழைத்து, வழியைச் சொல்லி, "இந்திய பாஸ்போர்ட், இந்த இடத்தில் மாறுகிறேன், பெட்டி எதுவரை போகும்?" என்று கேளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. போன வருடம் போய்வந்த அத்தை சொன்னதை நம்பி இருக்காதீர்கள். இந்தப் பதிவும் உங்களுக்கு ஒரு அத்தைதான்.

டிரான்சிட் விசா வேண்டியிருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள். திரும்பி வரும்போதும் அதே ஊரில் மாற வேண்டும் என்பதை மறக்காமல் இரு வழிக்கும் சேர்த்துக் கேளுங்கள். விசா வந்ததும் தேதியும், எத்தனை முறை செல்லும் என்பதும் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: கோப்பு ஒன்று போடுங்கள்

பார்படோஸ் கேட்பது அதிகமில்லை. பாஸ்போர்ட் (ஆறு மாதம் செல்லுபடி இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்), திரும்பி வரும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்குச் சான்று. எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மணி நேரப் பயணத்துக்குப் பிறகு போன் பேட்டரியை நம்பக் கூடாது. சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் அவர் முகவரியும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். குழந்தையை அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கூடவே போகட்டும்.

"லேப்டாப்பை வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து வேலை பார்க்கலாமே" என்று நினைப்பவர்களுக்கு: அதற்கென்றே 2020-இல் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்று 12 மாத அனுமதி ஒன்றைத் தொடங்கினார்கள். ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும், தனிநபருக்குக் கட்டணம் 2,000 டாலர். சுற்றுலாவாகப் போய் உள்ளூரில் வேலை தேடுவது கூடவே கூடாது.

படி 4: இணையப் படிவம்

குடியேற்றம், சுங்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே படிவம், பார்படோஸ் அரசின் 'டிராவல் ஃபார்ம்' தளத்தில். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு உட்கார்ந்து நிரப்பினால் போதும். முடித்ததும் மின்னஞ்சலில் வருவதை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. தேடினால் மேலே வந்து நின்று பணம் கேட்கும் தளங்கள் சில உண்டு. முகவரியின் கடைசியில் 'ஜி.ஓ.வி. புள்ளி பி.பி.' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

பெயரை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் வரும் தொல்லை இங்கேயும் வரும். அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறதோ, அதே கட்டத்தில் போடுங்கள். டிக்கெட்டிலும் அப்படியே.

படி 5: பெட்டி

இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, ராணுவ உடை மாதிரி பச்சைத் திட்டு டிசைன் போட்ட துணி எதுவும் வேண்டாம். பார்படோஸில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் தொப்பி, முதுகுப் பை என்றாலும் விதிவிலக்கு இல்லை.

இரண்டாவது, கறிவேப்பிலை. சாம்பார் பொடியோடு ஒரு கொத்து சுருட்டி வைத்துவிடுவது நம் வழக்கம். கறிவேப்பிலையில் வாழும் பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு இன மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பக்கூடியது. அதே இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம் பிறந்த தீவே பார்படோஸ்தான், அவர்கள் உஷாராக இருப்பதில் வியப்பில்லை. இலை, பழம், விதை எதையும் எடுத்துப் போகாதீர்கள். மற்ற உணவுப் பொருளைப் படிவத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பக்கத்துத் தீவுகளையும் பார்க்க ஆசையா?

ஒவ்வொரு தீவுக்கும் தனி விதி. மார்ட்டினிக் பிரான்ஸின் பகுதி என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டி அங்கே இறங்க முடியாது. டிரினிடாடுக்கு நமக்கு விசா வேண்டாம், ஆனால் அது மஞ்சள் காய்ச்சல் (கொசுவால் பரவும் 'யெல்லோ ஃபீவர்') அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கும் இடம். அங்கே போய்விட்டு ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். சான்றிதழ் பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்க. டிரினிடாட் போகாமல் பார்படோஸ் மட்டும் போய் வருபவருக்கு இந்த ஊசி தேவைப்படாது.

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். உலகக் கோப்பையை வென்ற அணியே பெரில் புயலில் விமான நிலையம் மூடியதால் ஓட்டலில் அடைபட்டு, தனி விமானம் வந்த பிறகுதான் ஊர் திரும்பியது. அந்த மாதங்களில் போனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டும் பயணக் காப்பீடும் எடுங்கள். டிரான்சிட் விசாவின் தேதியிலும் கொஞ்சம் இடம் விட்டுக் கேளுங்கள்.

படி 6: பார்படோஸின் கிரான்ட்லி ஆடம்ஸ் விமான நிலையத்தில்

எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, கோப்பைத் திறந்தபடி வைத்திருங்கள். 90 நாள் என்பது உச்சவரம்பு. உங்களுக்கு எத்தனை நாள் என்பதை அதிகாரிதான் தீர்மானிக்கிறார், திரும்பும் டிக்கெட்டின் தேதி வரை மட்டும் தரலாம். முத்திரை குத்தியதும் பாஸ்போர்ட்டைப் பையில் திணித்துவிடாமல், அங்கேயே நின்று தேதியைப் படியுங்கள். தவறு இருந்தால் அந்த நிமிடமே சொன்னால் ஒரு பேனாக் கோட்டில் முடியும். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், தலைநகர் பிரிட்ஜ்டவுனில் உள்ள குடியேற்ற அலுவலகத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.