குரங்கம்மை: எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் செய்யக் கூடாதவை

"அம்மைதானே, காய்ந்து உதிர்ந்துவிடும்" என்று வேப்பிலை விரித்து வீட்டிலேயே படுக்க வைப்பதில்தான் பலருக்குச் சிக்கல் தொடங்குகிறது. குரங்கம்மை பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் தானாக ஆறும். சி.டி.4 எனும் நோயெதிர்ப்பு ரத்த அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போன எச்.ஐ.வி. நோயாளிக்கு அந்தக் கணக்கு செல்லாது. கொப்புளங்கள் ஒன்றுகூடி, நடுவில் தோல் கருத்து அழுகும்; பழையது ஆறுவதற்குள் புதியது கிளம்பும்; கண், மலக்குடல், நுரையீரல் வரை பரவும். 2023-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சி.டி.4 350-க்குக் கீழிருந்த 382 பேரில் 27 பேர் இறந்தார்கள். இறந்த எல்லோருக்குமே எண்ணிக்கை 200-க்குக் கீழேதான்.

ஆகவே குரங்கம்மை உறுதியானதும் எச்.ஐ.வி. பரிசோதனையும் சி.டி.4-ம் பார்க்காமல் விடக் கூடாது. மாதிரி எடுக்கக் கொப்புளத்தைக் குத்தவும் வேண்டாம். மேலே அழுத்தித் தேய்த்து எடுத்தாலே பி.சி.ஆருக்குப் போதும்.

எச்.ஐ.வி.-யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையைப் "புண் ஆறட்டும்" என்று நிறுத்துவது மிக மோசமான தவறு. புதிதாகவோ இடைவெளி விட்டோ தொடங்கும்போது அழற்சி திடீரென ஏறக்கூடும் என்பது உண்மைதான். அதே ஆய்வில் அப்படித் தொடங்கிய 85 பேரில் 21 பேருக்கு இந்தச் சந்தேகம் எழுந்தது. அவர்களில் 12 பேர் பிழைக்கவில்லை. அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவமனையில் நெருங்கிக் கவனித்தபடி தொடங்க வேண்டும்.

குரங்கம்மைக்குத் தரப்படும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான டெகோவிரிமேட், 40 முதல் 120 கிலோவுக்குள் எடை உள்ளவருக்கு 600 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை, 14 நாள். வெறும் வயிற்றிலோ இரண்டு இட்லியோடோ விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சுமார் 25 கிராம் கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும்: நெய், முட்டை, தேங்காய் சேர்ந்தது. விழுங்க முடியாவிட்டால் காப்ஸ்யூலைத் திறந்து மென்மையான உணவில் கலந்து கொடுக்கலாம். இந்த மருந்தையே முழுதாக நம்பியிருக்கவும் முடியாது. 2024-இல் முடிவு வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் இது புண்ணை விரைவாக ஆற்றவில்லை. நீண்ட நாள் கொடுத்தால் வைரஸ் மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

கண் சிவந்தால் கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடாதீர்கள். அன்றே கண் மருத்துவர் பார்க்க வேண்டும், பார்வை போய்விடலாம்.

தடுப்பூசியிலும் வகை பார்க்க வேண்டும். உடலில் பெருகும் உயிர் வைரஸ் கொண்ட ஏ.சி.ஏ.எம்.2000 தடுப்பூசி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆகாது, பெருகாத வைரஸ் கொண்ட எம்.வி.ஏ.-பி.என். தடுப்பூசியை 28 நாள் இடைவெளியில் 2 தவணை போடலாம்.

தனிமையை நாள் எண்ணி முடிக்காதீர்கள். கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடும் வரை, மாதக் கணக்கானாலும் இருக்க வேண்டும்.