ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

பைக் ஓட்ட வேண்டும், சிம் வாங்க வேண்டும், சீசனுக்குக் குற்றாலத்தில் ரூம் போட வேண்டும். ஆனால் ஆதாரில் இருக்கும் பிறந்த வருஷம் இடிக்கிறது. போட்டோஷாப் தெரிந்த கூட்டாளி ஒருவன் 2009ஐ 2006 ஆக்கித் தருகிறான். "ஜெராக்ஸ்தானல, யாரு பாக்கப் போறா?" என்று தைரியமும் சொல்கிறான்.

முதல் சறுக்கல் அந்த "ஜெராக்ஸ்தானல". பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 337ஆம் பிரிவு, ஆதாரையும் வாக்காளர் அட்டையையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அவற்றைப் போலியாக உருவாக்கினால் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. திருத்தியது கூட்டாளிதான் என்று தப்பிக்கவும் முடியாது. போலி என்று தெரிந்தே காட்டுகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது 340ஆம் பிரிவு. தேதியை அழித்து எழுதினாலும் க்யூஆர் கோடு பழையபடியே இருக்கும். ஸ்கேன் செய்தால் உண்மையான தேதி வந்துவிடும்.

அடுத்தது, "மைனர் பையனை என்ன செஞ்சிருவாங்க?" இதில் பாதி உண்மை. 18 முடியாதவர், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்படுவார். குற்றம் உறுதியானாலும் அது அவருடைய பிற்கால வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது என்பதே பொது விதி. 18 முடிந்தபின் செய்யும் குற்றத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 ஆக வேண்டும். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் 19 வயதுப் பையன் டாஸ்மாக்கில் காட்டத் திருத்திய ஆதாரை வைத்திருந்தால், கடைக்கு அவன் வயது குறைந்தவன்; போலீசுக்கும் கோர்ட்டுக்கும் முழு ஆள். வழக்குப் பதிவானால் நாளைக்கு எஸ்.ஐ. தேர்வோ வேறு அரசு வேலையோ வரும்போது, போலீஸ் விசாரணையில் அந்த ஆதார் மறுபடி எழுந்து வரும். ஒரு பாட்டிலுக்கு இது ரொம்ப அதிக விலை.

சிம் விஷயம் சுருக்கமானது. ஆள்மாறாட்டம் செய்து சிம் வாங்கினால், 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வண்டி விஷயத்தில் மாட்டுகிறவர் பெரும்பாலும் அப்பாதான். அண்ணன் லைசென்ஸைக் காட்டிச் சமாளித்தாலும், விபத்து என்று வந்தால் ஓட்டியவன் வயது வெளியே வந்துவிடும். பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். ஆர்.சி. 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

எனக்கு மிக மோசமாகப் படுவது பெரியவர்களே வயதைக் கூட்டிவிடுவது. வளைகுடா வேலைக்குப் போகத் தவறான தேதி கொடுத்துப் பாஸ்போர்ட் எடுத்தால், பாஸ்போர்ட் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அது போக, பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு தேதி என்று ஆயுள் முழுக்க அலைய வேண்டும். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்றலாம். (பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிட்ட பழைய கதை வேறு. அதைப் பிறப்புச் சான்றிதழை வைத்து முறைப்படி திருத்தலாம்.)

கல்யாணத்திலும் இதே கதைதான். "ஆதாரில் பொண்ணுக்கு 18 ஆயிட்டே" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்வது பெரிய கேடயம் இல்லை. ஆதார் பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது. சிறார் நீதிச் சட்டப்படி வயதை முடிவுசெய்ய முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அதில் பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்று தெரிந்தால், குழந்தைத் திருமண வழக்கு, அப்புறம் போக்சோ வழக்கு என்று வரிசையாக வரும்.

சரி, பையன் மாட்டிக்கொண்டான் என்றால்? போலீஸிடம் போய் இன்னொரு திருத்திய ஜெராக்ஸை நீட்டாதீர்கள். நடக்கக்கூடிய தவறு அதுவும். உண்மையான பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். 18 முடியாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம்.