குடிமைச் சமயம் உருவாவதை இனங்காண்பது எப்படி?

நாட்டையும் அதன் சின்னங்களையும் நினைவுச் சடங்குகளையும் மக்கள் புனிதமாகப் போற்றுவதே குடிமைச் சமயம். ஒரு சமூகத்தில் அது வேர்விடுவதை ஆராய விரும்புவோர் தலைவர்களின் உரைகளை முதலில் புரட்ட வேண்டியதில்லை. மக்கள் எந்த இடத்தில் தாமாகவே குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று கவனிப்பதே நல்ல தொடக்கம்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர் முடிந்தபின் 1919 ஜூலையில் நடந்த வெற்றி அணிவகுப்புக்காக, வைட்ஹால் சாலையில் மரத்தாலும் சாந்தாலும் ஒரு வெற்றுக் கல்லறைச் சின்னம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. ஆனால், போரில் மாண்ட தம்மவரின் உடலைக்கூடக் காணக் கொடுத்துவைக்காதவர்கள் அதன் அடியில் மலர்களைக் குவிக்கத் தொடங்கியதால், அரசு அதையே கல்லில் எழுப்பி 1920 நவம்பர் 11 அன்று திறந்துவைத்தது. பக்தி முந்தியது, ஆணை பிந்தியது. இந்த வரிசையைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

அடுத்து, அவ்வுணர்வு நாள்காட்டியில் எப்போது இடம்பிடித்தது, மாண்டோரை நினைத்து எல்லோரும் காக்கும் மௌன நேரத்தில் பேசுபவரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில், வழிபாட்டைவிட அதை மீறும்போது எழும் சினமே நம்பகமான சான்று.

மேலிருந்து திணிக்கப்பட்டவற்றோடும் ஒப்பிடுங்கள். 1794 ஜூனில் பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியர் பாரிஸில் முன்னின்று நடத்திய பரம்பொருள் வழிபாடு, மறுமாதம் அவர் கொல்லப்பட்டதும் ஆதரவிழந்தது.

‘குடிமைச் சமயம்’ என்ற சொல்லை 1762இல் தத்துவவாதி ரூசோ கையாண்டார். 1967இல் சமூகவியலாளர் ராபர்ட் பெல்லா அமெரிக்கச் சமூகத்துக்கு அதைப் பொருத்திக் காட்டினார். உள்ளுறைச் சமயமோ, அதாவது சமயம் என்று பெயரிடாமலே ஒருவர் ஒன்றின்மீது கொள்ளும் ஆழ்ந்த ஈடுபாடோ, நாட்டைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் தம் தொழிலுக்கோ விளையாட்டு அணிக்கோ வாழ்வையே ஒப்படைப்பதிலும் அது தென்படலாம். அங்கே அவரிடம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்காமல், எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று கேளுங்கள்.