சாபா தீவு: முதலில் மலை, பிறகு கடல்

கரீபியக் கடலில் 13 சதுர கிலோமீட்டரே உள்ள எரிமலைத் தீவு சாபா. நெதர்லாந்துக்கு உட்பட்டது. மணற்கரையில் படுத்திருக்க ஆசைப்படுபவர்கள் வேறு தீவைப் பாருங்கள். இங்கே கடலிலிருந்து பாறை நேராக எழுகிறது. காடும் பவளப்பாறையும்தான் வேண்டும் என்றால் நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான்.

1. ஓபன் வாட்டர் டைவிங் சான்றிதழை (18 மீட்டர் ஆழம் வரை இறங்கத் தகுதி தரும் தொடக்கநிலைச் சான்றிதழ்) முன்பே வாங்கிவிடுங்கள். கரீபிய நெதர்லாந்துக்கான விசா, ஷெங்கன் விசா அல்ல, விண்ணப்பிக்கும்போது கவனம். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்.

2. பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டினிலிருந்து சிறிய விமானத்தில் கால் மணி நேரப் பயணம். ஓடுபாதை சுமார் 400 மீட்டர்தான். செலவுக்கு அமெரிக்க டாலர்.

3. டைவிங்குக்கு முன்பே மலையேறிவிடுங்கள். மவுண்ட் சீனரி 887 மீட்டர். விண்ட்வர்ட்சைட் ஊரிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். உச்சியில் மேகம் தவழும் காடு, பாசி போர்த்திய மரங்கள், பெரணிகள். வழியில் சிவப்பு வயிற்றுப் பாம்பைக் கண்டால் பயம் வேண்டாம், அதற்கு மனிதரைக் கொல்லும் விஷம் இல்லை.

ஏன் இந்த வரிசை? நீருக்கடியில் அழுத்தம் கூடும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. அது வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழாகலாம். டைவிங் முடித்தவருக்கு 600 மீட்டருக்கு மேல் ஏறுவதும் விமானம் ஏறுவதும் ஒன்றுதான். கடலில் இறங்கிய மறுநாள் காலையே சிகரத்துக்குக் கிளம்புவது இந்தத் தீவில் மிக எளிது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4. இனி கடல். 1987 முதல் தீவைச் சுற்றி 60 மீட்டர் ஆழம் வரை கடல் பூங்கா. உள்ளூர் டைவிங் கடையோடுதான் இறங்க முடியும்; படகுகள் ஃபோர்ட் பே துறையிலிருந்து புறப்படும். பவளத்தில் நங்கூரம் பாய்ச்சக் கூடாது, நிலையான மிதவைகளில்தான் கட்டுவார்கள். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்பதை வழிகாட்டியிடம் மறைக்காதீர்கள். ஆழத்திலிருந்து கோபுரம்போல் எழும் பாறைச் சிகரங்கள்தான் சாபாவின் புகழ், ஆனால் அவை உங்கள் 18 மீட்டர் எல்லைக்குக் கீழே. டென்ட் ரீஃபின் மேட்டுப் பகுதியும் லேடர் பேயும் போதும், நிறையவே போதும். லேடர் பே பக்கம் சில இடங்களில் மணலில் விரலை நுழைத்தால் எரிமலையின் சூடு தெரியும். பவளத்தை மட்டும் தொடாதீர்கள். நீருக்குள் ஏறாமல் தாழாமல் ஒரே மட்டத்தில் மிதப்பது கைவரும்வரை கேமராவும் வேண்டாம்.

5. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விடுங்கள். காலை விமானம் என்றால், முந்தைய நாள் முழுக்கக் கரையிலேயே இருங்கள்.