காந்தத்தை வைத்து செல்லுக்குள் மரபணுவை அனுப்புவது எப்படி?

டிஎன்ஏ கரைசலைச் செல்கள் மேல் ஊற்றினால் மட்டும் அது உள்ளே போய்விடாது. டிஎன்ஏவும் எதிர்மின் தன்மை கொண்டது, செல்லின் மேற்பரப்பும் அப்படியே, ஒன்றையொன்று தள்ளும். நேர்மின் தன்மை கொண்ட பாலிமரை (நீண்ட சங்கிலி மூலக்கூறு) துணைக்குச் சேர்த்தாலும், திரவத்தில் மிதந்து வந்து செல்லைத் தொட நேரம் பிடிக்கும். டிஎன்ஏவைத் துகள்களில் ஒட்டவைத்து, காந்தத்தால் செல்லை நோக்கி இழுத்து அந்த நேரத்தைச் சுருக்குவதுதான் மேக்னெட்டோஃபெக்‌ஷன். ஜெர்மனியில் கிறிஸ்டியன் பிளாங்க் குழுவினர் 2002-இல் இதை விவரித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

முதல் நாள் 24 சிறு குழிகள் கொண்ட செல் வளர்ப்புத் தட்டில் செல்களைப் பரப்புங்கள். மறுநாள் குழியின் அடிப்பரப்பில் 60 முதல் 80 சதவீதம் வரை நிரம்பியிருக்க வேண்டும்.

இனி கலவை. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பாலிமர் பூசிய இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் குப்பியின் அடியில் பழுப்பாகப் படிந்திருக்கும். நன்றாகக் குலுக்கிய பிறகே எடுங்கள். மேலே தெளிந்த நீரை எடுத்தால் துகளே வராது. ஒரு குழிக்கு அரை மைக்ரோகிராம் பிளாஸ்மிட் டிஎன்ஏவில் (மரபணுவைச் சுமக்கும் வளைய வடிவ டிஎன்ஏ) தொடங்கலாம். சீரம் (இரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதி) சேர்க்காத செல் வளர்ப்பு ஊடகத்தில் டிஎன்ஏவைக் கரைத்து, துகள்களோடு கலந்து, அறை வெப்பநிலையில் 20 நிமிடம் விடுங்கள். துகளின் நேர்மின் பூச்சு டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும். சீரம் இருந்தால் அதிலுள்ள புரதங்கள் குறுக்கே வரும். இந்த நேரத்தில் காந்தம் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அப்புறம் கலவையைக் குழியில் விட்டு, தட்டைக் காந்தப் பலகை மேல் வைத்து, 15 முதல் 20 நிமிடம் இன்குபேட்டரில் (செல்களுக்கு ஏற்ற வெப்பநிலையில் வைக்கும் பெட்டி) வையுங்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் மேல் பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருப்பது தெரியும்.

காந்தம் டிஎன்ஏவைச் சவ்வைத் துளைத்து உள்ளே தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அது வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். செல்தான் துகளை விழுங்குகிறது. விழுங்கும்போது செல் துகளைச் சுற்றி உருவாக்கும் சிறு பையிலிருந்து டிஎன்ஏ தப்பி வரப் பாலிமர் உதவுகிறது. அதனால் பலன் குறைந்தால் பெரிய காந்தத்தைத் தேடாதீர்கள், டிஎன்ஏவுக்கும் துகளுக்குமான விகிதத்தை மாற்றிப் பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு, காந்தம் வைக்காத குழி ஒன்று கட்டாயம் வேண்டும். அதைத் தனித் தட்டில் வையுங்கள். ஒரே தட்டில் இருந்தால் பக்கத்துக் காந்தப்புலம் அதையும் எட்டிவிடும். டிஎன்ஏ இல்லாமல் துகள் மட்டும் போட்ட குழியும் இருக்கட்டும்.

பச்சை ஒளிர் புரத மரபணுவை அனுப்பியிருந்தால் 24 முதல் 48 மணி நேரத்தில் செல்கள் பச்சையாக ஒளிரும். துகள் மட்டும் போட்ட குழியிலேயே செல்கள் நிறைய இறந்திருந்தால், அடுத்த முறை போடும் துகளின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.