ரேஷன் கார்டும் புதுக் குடித்தனமும்: இந்தத் தவறுகள் வேண்டாம்

கல்யாண சீசன் முடிந்த கையோடு எங்கள் இ-சேவை மையத்துக்குப் புது ரேஷன் கார்டு கேட்டு ஜோடி ஜோடியாக வருவார்கள். ஒரு காலத்தில் நாங்களெல்லாம் இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். அம்மா வீட்டுக் கார்டில் பெண்ணின் பெயரை நீக்காமல் வருவது, ஆதாரில் ஒரு இனிஷியல் விண்ணப்பத்தில் வேறொன்று, இதெல்லாம் எப்படியும் பிடிபட்டுவிடும். விட்டுவிடுகிறேன். பிடிபடாமல் உள்ளே போய் வருஷக்கணக்கில் கையைக் கடிப்பவை வேறு.

"அட்ரஸ் ப்ரூஃபுக்குத்தான், அரிசி வேண்டாம்"

விண்ணப்பத்தில் அட்டை வகை என்று ஒரு கட்டம் வரும். அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பண்டகமில்லா அட்டை. அந்த இடத்தில் நான் நிறுத்திக் கேட்பேன். பத்தில் பாதிப் பேர், "எதையாவது போடுங்கண்ணா, ரேஷன் அரிசியெல்லாம் நாங்க சாப்பிடுறதில்ல" என்பார்கள். இந்த "எதையாவது போடுங்க" காதில் விழுந்தாலே எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று வரும்.

அந்த ஒரு சொடுக்கில் என்னென்ன தீர்மானமாகிறது என்று பாருங்கள். அரிசி அட்டை என்றால் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். முன்னுரிமையற்ற அட்டையாக (மத்திய சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் வராத குடும்பத்தின் அட்டை) இருந்தாலும் மாதம் ஒருவருக்கு 12 கிலோ, இருவருக்கு 16, மூவரும் அதற்கு மேலும் என்றால் 20 கிலோ. சர்க்கரை கிலோ 25 ரூபாய், தலைக்கு அரைக் கிலோ வீதம் அதிகபட்சம் 2 கிலோ. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. சர்க்கரை அட்டையில் அரிசி தவிர மற்றவை கிடைக்கும். பண்டகமில்லா அட்டைக்குக் கடையில் எதுவும் கிடையாது, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.

"அரிசிதானே, போகட்டும்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அரசு கையில் பணமாகக் கொடுக்கும்போது பெரும்பாலும் அரிசி அட்டையைத்தான் அளவுகோலாக வைக்கிறது. 2021 பொங்கலுக்கு 2,500 ரூபாய், அதே ஆண்டு கொரோனா நிவாரணமாக இரண்டு தவணையில் 4,000 ரூபாய், இரண்டுமே அரிசி அட்டைக்காரர்களுக்குத்தான். எங்கள் தெருவில் ஒரு தம்பி, கார் ஓட்டுகிறவர். ஊரடங்கில் வண்டி ஓடவில்லை, வருமானம் இல்லை. கையில் இருந்ததோ பண்டகமில்லா அட்டை. சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில், கௌரவத்துக்கு அப்படி எடுத்து வைத்தது. பக்கத்து வீட்டில் சொந்த வீடும் அரிசி அட்டையும் வைத்திருந்தவர் பணத்தை வாங்கி வர, இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விதி அப்படி, யாரையும் குறை சொல்லவும் முடியாது.

அப்புறம் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மேலிருந்து கீழே இறங்குவது சுலபம், கீழிருந்து மேலே ஏறுவது அப்படியில்லை. 2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்ற அரசு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. அந்த நாட்களில் மையத்து வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்திருந்தால் யாரும் "எதையாவது போடுங்க" என்று சொல்லமாட்டார்கள். அரிசி வேண்டாத மாதம் வாங்காமல் இருங்கள், யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். அதற்காக அட்டையின் வகையையே குறைத்துக்கொள்ளாதீர்கள். வசதி இருக்கிறது, மனசார விட்டுக்கொடுக்கிறேன் என்பவர்களை நான் தடுக்கவில்லை. தெரிந்து செய்யுங்கள், அவ்வளவுதான்.

என்.பி.எச்.எச். என்று வந்தால் பயப்பட வேண்டாம்

இது நேரெதிர்த் தவறு. கார்டில் என்.பி.எச்.எச். என்று பார்த்ததும் ரேஷன் நின்றுவிடும் என்று பதறி ஓடி வருவார்கள். முன்னுரிமையற்ற குடும்பம் என்று அர்த்தம், அரிசி கிடையாது என்றல்ல. மத்திய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்தபோதும், இவர்களுக்கான அரிசியை மாநில அரசு நிறுத்தவில்லை. நாலு பேர் வரையுள்ள வீட்டில் முன்னுரிமை அட்டைக்கும் இதற்கும் அரிசி அளவில் வித்தியாசம் தெரியாது. முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு 5 கிலோ கணக்கு என்பதால், ஐந்தாவது ஆளிலிருந்துதான் அங்கே 20-ஐத் தாண்டும். பரம ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை மட்டும் தனி: 35 கிலோ. பார்க்க வேண்டியது என்.பி.எச்.எச். என்பதற்கு அடுத்து வரும் எழுத்தை. எஸ் என்றால் சர்க்கரை, என்.சி. என்றால் பண்டகமில்லை.

குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பது

பில் போட்டதும் போனுக்குச் செய்தி வரும். வாங்காத பாமாயில் அதில் இருந்தால் அன்றைக்கே கேளுங்கள். கடையில் பதில் சரியில்லை என்றால் 1967-க்கு அழையுங்கள். போனை மாற்றியவர்கள் புது எண்ணைக் கார்டில் சேர்க்காமல் விடுவதால், அவர்கள் பேரில் என்ன பில் போகிறதென்றே தெரிவதில்லை.

கோதுமையைக் கூடுதல் என்று நினைப்பது

அரிசிக்குப் பதிலாகத்தான் கோதுமை. 5 கிலோ கோதுமை வாங்கினால் அரிசியில் 5 கிலோ குறையும்.

பருப்பை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அந்த மாதத்துப் பருப்பும் எண்ணெயும் அந்த மாதத்தோடு சரி. அரசு தனியாக அறிவித்தால்தான் விட்டுப்போனது மறுமாதம் கிடைக்கும். 2024 மே மாதப் பருப்பு, பாமாயிலை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்களே, அது விதிவிலக்கு.

சோப்பும் டீத்தூளும்

ரேஷன் கடையில் இவற்றையும் சேர்த்து வாங்கச் சொன்னால், கட்டாயம் இல்லை. வேண்டாம் என்று சொல்லுங்கள்.

"பிளாஸ்டிக் அரிசி"

ஊற வைத்த அரிசியில் நாலைந்து மணி மட்டும் மேலே மிதக்கும், நிறமும் லேசாக மஞ்சளடிக்கும். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டு, பொறுக்கி எறிகிறார்கள். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவிலேயே அழுத்தி எடுத்து, நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்க்கிறார்கள். பொறுக்கி எறிவது அந்தச் சத்தைத்தான்.

ரேஷன் அரிசியை விற்பது

குற்றம். மாவு மில்காரருக்குக் கொடுத்தாலும் குற்றம்தான்.

கைரேகை விழவில்லை என்று விட்டுவிடுவது

வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். இரண்டு மாதம் அலைந்துவிட்டு, வேண்டாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நேரில் வர முடியாதவர்கள் வேறொருவரை நியமித்துப் பொருள் வாங்கிவரச் செய்யலாம். அதற்கான அங்கீகாரப் படிவத்தைக் கடையிலேயே கேளுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியோர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வண்டியில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று அடுத்த முறை கடைக்குப் போகும்போது விற்பனையாளரிடம் விசாரியுங்கள்.